காலைக்குக் காய்கறி மஃபின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்கறி மஃபின் என்றதும் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சிக்கு அது சத்துணவு, இன்னொரு கட்சிக்கு வேஷம் கட்டிய கேக். இரண்டு பேர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் வீட்டு ஓடிஜியையும் (மேசையில் வைக்கும் சின்ன மின் ஓவன்) கன்வெக்‌ஷன் மைக்ரோவேவையும் மனதில் வைத்து எழுதியவை. ஒவ்வொரு பிராண்டு கப்பும் ஒவ்வொரு அளவில் இருப்பதால் முடிந்தவரை கிராமில் சொல்லியிருக்கிறேன். டீஸ்பூன் என்றால் 5 மில்லி, தலைதட்டி.

காய்கறி போட்டுவிட்டால் மஃபின் ஆரோக்கியமானதாகிவிடுமா?

ஆகாது. கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். 12 மஃபினுக்கு 250 கிராம் கேரட் போட்டால் ஒன்றுக்கு 21 கிராம் வரும். இரண்டு சாப்பிட்டால் 42 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் சாப்பிடச் சொல்கிறது. பத்தில் ஒரு பங்குதான் தேறியிருக்கிறது. மதியம் பொரியலையும் கூட்டையும் விட்டுவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் கடையில் வாங்கும் மஃபினோடு ஒப்பிட்டால் கதை வேறு. பெரிய கஃபே மஃபின் ஒன்றில் சர்க்கரை 30 கிராமைத் தாண்டுவது சாதாரணம். அது மைதாவும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த கேக், தலையில் க்ரீம் இல்லை, அவ்வளவுதான். வீட்டில் செய்யும்போது அந்த மூன்றையும் குறைக்க முடிகிறது. குறைக்க இடம் கொடுப்பது காய்கறி.

காய்கறி எப்படி இடம் கொடுக்கிறது?

காய்கறியில் பெரும்பகுதி தண்ணீர். கேரட்டில் சுமார் 88 சதவீதம், மஞ்சள் பூசணியில் 90-க்கு மேல், சுரைக்காயில் 95-ஐ ஒட்டி. கேக்கில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. அது ஈரத்தைப் பிடித்து வைத்து, மாவு இறுகாமலும் பார்த்துக்கொள்கிறது. எண்ணெயும் அதே மெத்துமைக்காகத்தான். இரண்டையும் வெறுமனே குறைத்தால் மஃபின் மறுநாளே காய்ந்து நெஞ்சை அடைக்கும். துருவிய காய் உள்ளே இருந்தால், அது நார்ச்சத்தில் பிடித்து வைத்திருக்கும் ஈரத்தை வேகும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அந்த ஈரத்தைச் சமாளிக்கத் தெரிந்துவிட்டால் எந்தக் காயையும் போடலாம். தெரியாவிட்டால் எந்த ரெசிபியும் கைகொடுக்காது.

இது புது யோசனையும் இல்லை. இரண்டாம் உலகப்போரில், 1940 ஜனவரியில் பிரிட்டனில் சர்க்கரைக்கு ரேஷன் வந்த பிறகு, கேரட்டைத் துருவிக் கேக்கிலும் புட்டிங்கிலும் போடச் சொல்லி அரசாங்கமே பிரசாரம் செய்தது. இன்று ‘மார்னிங் குளோரி’ என்ற பெயரில் உலகம் முழுக்கக் கிடைக்கும் மஃபின் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் 1978-இல் பாம் மெக்கின்ஸ்ட்ரி என்பவர் தன் கஃபேயில் செய்யத் தொடங்கியது. கேரட், ஆப்பிள், அன்னாசி, தேங்காய்த் துருவல், உலர்திராட்சை எல்லாம் அதில் உண்டு. சர்க்கரையும் தாராளமாகவே உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எதிலிருந்து தொடங்கலாம்? ஓர் அடிப்படை அளவு வேண்டும்.

கேரட்டிலிருந்து தொடங்குங்கள். தப்பு செய்தாலும் மன்னித்துவிடும் காய் அது.

உலர்ந்தவை: கோதுமை மாவு 200 கிராம், ஓட்ஸைப் பொடித்த மாவு 50 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், பட்டைத்தூள் 1 டீஸ்பூன். ஈரமானவை: முட்டை 2, கெட்டித் தயிர் 200 கிராம், மணமில்லாத எண்ணெய் 80 மில்லி, நாட்டுச்சர்க்கரை 100 கிராம். அப்புறம் 250 கிராம் கேரட் துருவல், ஒரு கைப்பிடி உலர்திராட்சை அல்லது உடைத்த வால்நட்.

ஓவனை முதலில் 200 டிகிரி செல்சியஸில் சூடாக்கத் தொடங்குங்கள். உலர்ந்தவற்றை ஒன்றாகச் சலித்துவிடுங்கள். சல்லடையில் நிற்கும் தவிட்டையும் மறுபடி மாவிலேயே கொட்டுங்கள், சலிப்பது கட்டி உடையத்தான். ஈரமானவற்றை நாட்டுச்சர்க்கரை கரையும்வரை அடித்து, கேரட்டை அதில் சேருங்கள். பிறகு உலர்ந்ததை அதன் மேல் கொட்டி, வெள்ளை மாவு கண்ணில் படாத அளவுக்கு மட்டும் கிளறுங்கள். மாவைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் தொப்பென்று விழ வேண்டும், வடியக் கூடாது. 12 குழி ட்ரேயில் முக்கால் குழி நிரப்பி, 200 டிகிரியில் 6 நிமிடம், பிறகு 180-க்குக் குறைத்து 14 முதல் 16 நிமிடம். தொடக்கச் சூடுதான் மேலே குமிழாக எழும்பச் செய்கிறது.

ஒரு மஃபினுக்கு 8 கிராம் சர்க்கரைதான் வரும். கடை மஃபின் பழகிய நாக்குக்கு முதல் வாயில் சப்பென்று இருக்கலாம்.

பீட்டர் வைத்து நன்றாக அடித்தால் இன்னும் மிருதுவாக வராதா?

வராது, நேர்மாறாகத்தான் ஆகும். கோதுமை மாவில் தண்ணீர் பட்டுக் கிளறக் கிளற குளூட்டன் என்ற புரதம் வலைபோலப் பின்னிக்கொள்ளும். சப்பாத்திக்கு அது வேண்டும், இங்கே வேண்டாம். அதிகமாகக் கலக்கிய மஃபினைப் பிளந்தால் அடியிலிருந்து உச்சிக்கு நீளநீளமாகச் சுரங்கம் போன ஓட்டைகள் தெரியும், கடித்தால் ரப்பர். மரக்கரண்டியால் பத்துப் பதினைந்து சுற்று போதும். அங்கங்கே சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும், வேகும்போது சரியாகிவிடும்.

எந்தக் காயை எப்படிச் சேர்ப்பது?

காய்க்கு ஏற்ப வழி மாறும்.

கேரட், பீட்ரூட் இரண்டையும் பச்சையாகத் துருவி அப்படியே போடலாம். துருவியின் சிறிய கண்ணில் துருவுங்கள். பெரிய கண்ணில் துருவினால் பீட்ரூட் நறுக்கென்று தனியாக நிற்கும். பீட்ரூட்டின் மண்வாசனை பிடிக்காதவர்கள் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள், அல்லது 20 கிராம் மாவுக்குப் பதில் கோகோ தூள் சேருங்கள்.

மஞ்சள் பூசணியையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் ஆவியில் வேகவைத்து மசிக்க வேண்டும். குக்கரில் தண்ணீருக்குள் போட்டு வேகவைத்தால் பூசணி இன்னும் தண்ணீர் குடித்துக்கொள்ளும். மசித்த பூசணி 200 கிராம் போட்டால் தயிரை 120 கிராமாகக் குறைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இனிப்பு மஃபினுக்கு இதுதான் முதலிடம். நிறமும் வரும், மறுநாளும் மெத்தென்று இருக்கும். சாம்பாரில் போட்டது போக மிஞ்சும் கீற்றுக்கு நல்ல வழி.

சுரைக்காய், சௌசௌ, சுக்கினி மூன்றும் தண்ணீர்க் காய்கள். துருவி, கால் டீஸ்பூன் உப்புப் பிசறி பத்து நிமிடம் வைத்து, மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்துவிட்டுத்தான் போட வேண்டும். பிழிந்த பிறகு எடை போடுங்கள். மாவில் தனியாக உப்பு வேண்டாம். சௌசௌவுக்குத் தனி ருசி கிடையாது என்பது இங்கே ஒரு வசதி.

சுரைக்காயில் கட்டாயம் ஒரு வேலை செய்ய வேண்டும். துருவுவதற்கு முன் சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை முழுதாகக் குப்பையில் போட்டுவிடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள், வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இந்தியாவில் உயிரிழந்தவர்கள் உண்டு. சுக்கினிக்கும் இதே விதி.

கீரை கார மஃபினுக்கு. பாலக், அரைக்கீரை எதுவானாலும் பொடியாக நறுக்கி, வாணலியில் சுருள வதக்கி, ஆறியதும் கையால் பிழியுங்கள். முருங்கைக்கீரை என்றால் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், அடைக்குப் பொருந்தும் அளவு இதற்குப் பொருந்துவதில்லை. குடைமிளகாய், வெங்காயம், முட்டைகோஸ் மூன்றையும் வதக்கியே போடுங்கள். பச்சைக் கோஸ் ஓவனில் புழுங்கினால் வீடே நாறும்.

கத்தரிக்காய், வெண்டைக்காய், பாகற்காய் மூன்றும் வேண்டாம். அவற்றுக்கு வேறு நல்ல வாழ்க்கை இருக்கிறது.

மேலே சிவந்துவிட்டது, நடுவில் மட்டும் ஈரமாக, பிசுபிசுவென்று இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் பிழியாத காய்தான் காரணம். அல்லது துருவிய காயைச் சர்க்கரையோடு அரை மணி நேரம் ஊற விட்டிருப்பீர்கள். சர்க்கரை தண்ணீரை இழுத்து வெளியே விட்டிருக்கும். இரண்டும் இல்லையென்றால் ஓவனைப் பாருங்கள். பல ஓடிஜிகளில் திருகி காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளே வைக்கும் தனித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். மேல் கம்பி மட்டும் அதிகம் காய்ந்தால் ட்ரேயை ஒரு படி இறக்கி வையுங்கள்.

குச்சி குத்திப் பார்ப்பது காய்கறி மஃபினில் ஏமாற்றும். குச்சி ஒரு துண்டுக் காயில் குத்தியிருந்தால் ஈரமாகத்தான் வரும். உச்சியை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், உடனே மேலெழும்பினால் வெந்துவிட்டது.

பீட்ரூட் மாவு ரோஜா நிறத்தில் இருந்தது, வெந்ததும் பழுப்பாகிவிட்டதே?

பீட்ரூட்டின் நிறமி சூட்டிலும் காரத்தன்மையிலும் (மிளகாய்க் காரம் இல்லை, புளிப்புக்கு எதிரான தன்மை) கெட்டுவிடும். சோடா அதிகமானால் காரத்தன்மை ஏறும். சோடாவை விட்டுவிட்டுப் பேக்கிங் பவுடர் மட்டும் போட்டு, தயிரோடு எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் ஓரளவு நிறம் நிற்கும். முழுதாக நிற்காது. கேரட்டுக்கும் பூசணிக்கும் இந்தத் தொல்லை இல்லை, அவற்றின் நிறமியான கரோட்டின் சூட்டைத் தாங்கும். கூடவே எண்ணெய் இருந்தால்தான் உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். எண்ணெயே இல்லாத மஃபின் செய்ய வேண்டாம் என்று சொல்ல இதுவும் ஒரு காரணம்.

நிறம் மாறும் வேடிக்கை இன்னும் இரண்டு உண்டு. கார மஃபினில் மஞ்சள்தூளும் சோடாவும் அதிகமாகச் சேர்ந்தால் உள்ளே செம்புள்ளிகள் வரும். ஆரத்திக்கு மஞ்சள்நீரில் சுண்ணாம்பு கரைத்ததும் சிவப்பாகிறதே, அதே வேலைதான். சூரியகாந்தி விதை போட்டிருந்தால் மறுநாள் விதையைச் சுற்றிப் பச்சையாகத் தெரியலாம். பூஞ்சை இல்லை, விதையில் உள்ள ஓர் அமிலம் சோடாவோடு சேர்ந்து செய்வது, சாப்பிடலாம். ஆனால் மேலே பஞ்சு பஞ்சாக எதுவும் படர்ந்திருந்தால் அது பூஞ்சையேதான், மொத்தத்தையும் தூக்கிப் போடுங்கள்.

பீட்ரூட் சாப்பிட்ட சிலருக்கு மறுநாள் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகும். பயப்பட வேண்டாம்.

மைதா இல்லாமல் முழுக்கக் கோதுமை மாவில், அல்லது ராகியில் செய்யலாமா?

முழுக் கோதுமையில் தாராளமாகச் செய்யலாம், மேலே உள்ள அளவே அதற்கானதுதான். சப்பாத்தி மாவு மைதாவைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும். அதனால் மைதா ரெசிபியில் அப்படியே மாற்றிப் போட்டால் 250 கிராம் மாவுக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி பால் கூட வேண்டியிருக்கும்.

ராகி, தினை, கம்பு எதிலும் குளூட்டன் இல்லை. பாதி கோதுமை, பாதி சிறுதானியம் என்று போவது பத்திரம். கலந்தபின் பத்து நிமிடம் வைத்திருந்து ஓவனில் வையுங்கள், இல்லையென்றால் வாயில் மணல்போல நெறுநெறுக்கும். ராகியோடு கேரட்டைவிடப் பீட்ரூட்டும் கோகோவும் சேரும். கம்பு மாவு சீக்கிரம் கசந்துவிடும் என்பதால் புதிதாக அரைத்ததாக இருக்க வேண்டும்.

கடையில் ‘கார்ன் ஃப்ளோர்’ என்று விற்கும் வெள்ளைத்தூள் வெறும் ஸ்டார்ச். கீழே வரும் கார மஃபினுக்கு வேண்டியது மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவு. இரண்டையும் மாற்றிப் போட்டால் காரியம் கெட்டது.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரையோ தேனோ போட்டால் கவலை இல்லைதானே?

உண்டு. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே சர்க்கரைதான். அவற்றில் இருக்கும் தாது உப்பு ஒரு மஃபினில் வரும் அளவில் பெரிய விஷயமில்லை. மணத்துக்காகப் போடுங்கள், கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் பூசணியோடு அபாரமாகச் சேரும். உலக சுகாதார நிறுவனம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையை நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் வைத்தால் கூடுதல் நல்லது என்கிறது. இந்த மஃபின் இரண்டும் சர்க்கரை போட்ட காபி இரண்டும் சேர்ந்தால் அந்த எல்லையை முட்டிவிடும்.

ஊறவைத்து அரைத்த பேரீச்சை பரவாயில்லை, நாராவது கூட வரும். நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்றை மசித்துப் போட்டு நாட்டுச்சர்க்கரையைப் பாதியாக்கலாம்.

இனிப்பே வேண்டாம், காரமாகச் செய்ய முடியுமா?

காலை உணவுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். கோதுமை மாவு 150 கிராம், மக்காச்சோள மாவு 100 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சோடா அரை டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, மிளகுத்தூள், சீரகம். முட்டை 2, தயிர் 250 கிராம், பால் 50 மில்லி, எண்ணெய் 60 மில்லி. வதக்கிப் பிழிந்த கீரை ஒரு கப், வேகவைத்த சோளமுத்து அரை கப், வதக்கிய வெங்காயம் ஒன்று, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, 80 கிராம் உதிர்த்த பனீர் அல்லது துருவிய சீஸ். சீஸ் போட்டால் அதிலேயே உப்பு இருக்கிறது, பார்த்துப் போடுங்கள்.

சர்க்கரை இல்லாததால் மேல்பக்கம் எளிதில் சிவக்காது, சீக்கிரம் உலரவும் செய்யும். பால் கூட்டியது அதனால்தான். மேலே கொஞ்சம் எண்ணெய் தடவி எள் தூவிவிடுங்கள். வெந்தபின் கீரை பாசிநிறமாக மங்கினால் அது தயிரின் புளிப்பும் சூடும் செய்தது, ருசிக்குக் குறைவில்லை. சூடாக இருக்கும்போது இஞ்சித் துவையலோ தக்காளிச் சட்னியோ தொட்டுக்கொண்டால் இரண்டே போதும், பதினொரு மணிக்குப் பசிக்காது.

முட்டை இல்லாமல்?

ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப்பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் வழவழப்பாகிவிடும், அதைச் சேருங்கள். அல்லது ஒரு முட்டைக்கு 60 கிராம் தயிர் கூடுதலாக. முட்டை போட்ட அளவுக்குப் பொங்காது. பூசணி, சர்க்கரைவள்ளி போன்ற மசித்த காயில் அந்தக் குறை தெரியாது, துருவிய காயில் கொஞ்சம் உதிரும்.

ஓவன் இல்லை. என்ன செய்வது?

கார மாவாக இருந்தால் குழிப்பணியாரச் சட்டியில் எண்ணெய் விட்டு, சிறு தீயில் மூடி, நாலு நிமிடம் கழித்துத் திருப்பிப் போடுங்கள். மஃபினா பணியாரமா என்று வாதாடுவதற்குள் தட்டு காலியாகிவிடும். இனிப்பு மாவுக்கு, அடி கனமான பழைய பாத்திரத்தில் ஓர் அங்குலம் மணலோ கல்லுப்போ பரப்பி, உள்ளே ஸ்டாண்டு வைத்து, மூடி பத்து நிமிடம் சூடாக்கிவிட்டுச் சிறு கிண்ணங்களை வையுங்கள். சிறு தீயில் 25 முதல் 30 நிமிடம். மேலே சிவக்காது. நல்ல குக்கரை இதற்காகக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். குக்கரில்தான் செய்வேன் என்றால் வெயிட்டையும் கேஸ்கட்டையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

சாதாரண மைக்ரோவேவில் ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும், ஆறியதும் ரப்பராகும். உடனே சாப்பிடுவதானால் சரி.

காலையில் நேரமில்லை. மாவை இரவே கலந்து வைக்கலாமா?

கலந்து வைக்காதீர்கள். தயிர் பட்ட நிமிடமே சோடா வேலையைத் தொடங்கிவிடும், காலையில் அதில் மூச்சிருக்காது. உலர்ந்ததைத் தனியாக, சர்க்கரை சேராத ஈரமானதைத் தனியாக ஃப்ரிட்ஜில், துருவிய காயை மூடிய டப்பாவில். காலையில் கலந்து ஓவனில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகலாம்.

எத்தனை நாள் தாங்கும்?

சென்னைச் சூட்டில் இனிப்பு மஃபின் வெளியே ஒரு நாள். பனீர், சீஸ் போட்டதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். ஃப்ரிட்ஜில் மூன்று நாள், ஆனால் அந்தக் குளிரில் ஸ்டார்ச் இறுகி வறண்டுபோகும், சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும். நல்ல வழி ஃப்ரீசர். முழுக்க ஆறவிட்டு, ஒவ்வொன்றாகச் சுற்றி, காற்றுப்புகாத பையில் வைத்தால் இரண்டு மாதம் வரும். மைக்ரோவேவில் 40 விநாடி. ஓவனிலிருந்து எடுத்ததும் ஐந்து நிமிடத்தில் ட்ரேயிலிருந்து எடுத்துக் கம்பித்தட்டில் ஆறவிடுங்கள், இல்லையென்றால் அடி வியர்த்து ஊறிப்போகும்.

காய் சாப்பிடாத பிள்ளைக்குத் தெரியாமல் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், ஆனால் பெரிய பயன் இருக்காது. கேரட் தெரியாத மஃபினைத் தின்ற பிள்ளைக்குக் கேரட் பிடித்துவிடாது. மஃபின்தான் பிடிக்கும். துருவும் வேலையைப் பிள்ளையிடமே கொடுத்துப் பாருங்கள், தான் போட்டது என்றால் வாயில் வைக்கும் வாய்ப்பு அதிகம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் சேர்த்தது எதையும் கொடுக்கக் கூடாது, ஓவனில் வெந்திருந்தாலும். ஐந்து வயதுவரை முழு வால்நட், முந்திரி வேண்டாம், பொடித்துப் போடுங்கள்.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

மேலே சொன்ன கேரட் மஃபின் ஒன்றில் சுமார் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும், சர்க்கரையும் சேர்த்து. ராகிக்கு மாற்றினாலும் இந்த எண் பெரிதாக இறங்காது. கார மஃபின் ஒன்றும் ஒரு முட்டையும் கொஞ்சம் சுண்டலும் நல்ல சேர்க்கை, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ரத்த அழுத்தக்காரர்கள் உப்பை மட்டும் குறைத்தால் போதாது, சோடாவிலும் பேக்கிங் பவுடரிலும் சோடியம் இருக்கிறது.

பேப்பர் கப்பைப் பிரித்தால் பாதி மஃபின் அதிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறதே?

எண்ணெய் குறைந்த மாவு அப்படித்தான் ஒட்டும். சூடாக இருக்கும்போது பிரிக்காதீர்கள், முழுக்க ஆறினால் பெரும்பாலும் விட்டுவிடும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் பேப்பர் கப்பை விட்டுவிட்டு, ட்ரேக் குழியில் நேரடியாக எண்ணெய் தடவி மாவு தூவி ஊற்றலாம். சிலிகான் கப் இருந்தால் இன்னும் சுலபம், ஆனால் அதில் அடிப்பக்கம் அவ்வளவாகச் சிவக்காது. மூன்று நிமிடம் கூட வைக்க வேண்டியிருக்கும்.